ட்வைலைட் ஸோன் விட்டுச் சென்றது வெறும் ட்விஸ்ட்தானா?

'பிளாக் மிரர்' தொடரைப் பார்த்து முடித்தேன், இதற்கெல்லாம் மூலம் 'ட்வைலைட் ஸோன்' என்கிறார்களே என்று தேடிப்போய் நாலைந்து எபிசோடு பார்த்தேன், முடிவு பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, இதில் அப்படி என்ன இருக்கிறது, எதிலிருந்துதான் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது எதைப் பார்ப்பது என்ற கேள்வி. ஆனால் அந்தத் தொடரின் சொத்து கடைசி நிமிடத் திருப்பம்தான், அது பழசாகிவிட்டால் தொடரும் பழசாகிவிட்டது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு என்பதே என் பதில். பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது திருப்பத்தை. அவர்களில் பலர் எடுக்கத் தவறியது 25 நிமிட அளவையும், கதைக்கு வெளியே நின்று பேசும் ஆளையும். விளக்கத்துக்காகச் சில முடிவுகளை உடைக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்றால் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படியுங்கள்.

முதலில் அடிப்படை விவரம். 1959 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1964 ஜூன் வரை, 5 பருவம், 156 எபிசோடு. படைத்தவர் ராட் செர்லிங். 156-இல் 92-ஐ அவரே எழுதினார். ரிச்சர்ட் மேத்திசன், சார்லஸ் போமான்ட், ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன், ஏர்ல் ஹாம்னர் ஆகியோர் மீதியில் பெரும்பங்கு எழுதினார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு கதை, வேறு ஆட்கள், தொகைநூல் மாதிரி. இதுதான் முதல் அறிவியல் புனைவு ஆந்தாலஜி என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், இல்லை. 1951-இலேயே 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ', 1955-இல் 'சயன்ஸ் ஃபிக்ஷன் தியேட்டர்' வந்துவிட்டன. இன்னொன்று, இதைக் கறாராக அறிவியல் புனைவு என்றும் சொல்ல முடியாது. ராக்கெட்டும் ரோபோவும் வருகிற கதைகளுக்குச் சமமாகப் பேய், பிசாசு, யமன், ஆசை நிறைவேற்றும் பொருள் வருகிற கதைகளும் உண்டு. அறிவியல் விவரத்தில் செர்லிங் படு அலட்சியம். விண்கோளில் இறங்குகிறவர்கள் சட்டையோடு நடப்பார்கள், மூச்சும் விடுவார்கள். அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

செர்லிங் ஏன் இந்த வகைக்கு வந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1950-களில் நேரலை நாடகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர் அவர். 1955 ஜனவரியில் வந்த 'பேட்டர்ன்ஸ்' நாடகத்தை மக்கள் கேட்டார்கள் என்பதற்காக நாலு வாரத்தில் திரும்பவும் நேரலையில் நடித்துக் காட்டினார்கள். அந்த ஆண்டு தென் மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர்கள் விடுதலையானார்கள். அதை மனத்தில் வைத்து 1956-இல் செர்லிங் எழுதிய நாடகத்தில் ஸ்பான்சரும் விளம்பர நிறுவனமும் கைவைத்தார்கள். தென் மாநிலத்தை வடக்கே நியூ இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். தெற்கை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டிலைக்கூடக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். 1958-இல் அதே கருவை மறுபடி எழுதினார். இந்த முறை காலம் 1870-களுக்குப் போனது, கொல்லப்படுகிறவன் மெக்சிகோக்காரன் ஆனான். இரண்டு முறை அடிபட்டவருக்கு ஒரு வழி புலப்பட்டது: செனட்டர் பேசக்கூடாத வசனத்தைச் செவ்வாய்க் கிரகவாசி பேசினால் ஸ்பான்சர் கண்டுகொள்ளமாட்டார். நேரடியாகச் சொல்ல முடியாததை வேற்றுலகத்தில் ஏற்றிச் சொல்வது என்ற உத்தி இலக்கியத்தில் பழசு. அதை வாராவாரம் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தது இந்தத் தொடர்.

ஸ்பான்சர் தொல்லை அத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1959 டிசம்பரில் வந்த 'ஜட்ஜ்மென்ட் நைட்' இங்கிலாந்துக் கப்பலில் நடக்கிற கதை. அதில் மாலுமி தேநீர் கேட்கக்கூடாது என்று தகராறு; ஸ்பான்சர் காபி விற்பவர். கும்பல் வெறியைப் பற்றிய கதை தடையின்றி உள்ளே போய்விட்டது, ஒரு குவளை டீ வாசலில் மாட்டிக்கொண்டது.

இப்போது வடிவம். அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கையில் நிற்பது சுமார் 25 நிமிடம். அதை அவர்கள் வெட்டியது இப்படி: ஓரிரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஆள், அவர் இடம், அங்கே ஏதோ ஒன்று சரியில்லை என்ற உணர்வு. உடனே செர்லிங் குரல். இரண்டாம் பருவத்திலிருந்து அவரே சட்டகத்துக்குள் வந்து நிற்பார். பாத்திரத்தின் பெயர், வயது, குறை என்ன என்பதை நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். பிறகு முதல் பாதி, நடுவில் ஒரு இடைவெளி, இரண்டாம் பாதி, முடிவுரை. இந்த முன்னுரை வாக்கியங்களைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒரு பாத்திரத்தை நடித்துக் காட்டி அறிமுகப்படுத்த ஐந்தாறு நிமிடம் ஆகும். அவர் அதை அரை நிமிடத்தில் முடித்து, மிச்ச நேரத்தைக் கதைக்குக் கொடுத்துவிடுகிறார். கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலைதான். முதல் எபிசோடுக்கு வேறொருவர் குரலில்தான் பதிவு செய்தார்கள். அது ஒத்துவராமல், வேறு பெரிய பெயர்களையும் யோசித்து, கடைசியில் எழுதியவரே பேசட்டும் என்று ஆனது. அந்த முன்னுரையில் இந்தக் கதை உலகத்தை முதலில் 'ஆறாவது பரிமாணம்' என்று எழுதியிருந்தார். அப்படியானால் ஐந்தாவது எது என்று கேட்டபோது பதில் இல்லை; ஐந்தாவது ஆக்கிவிட்டார்கள்.

இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தொடருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மூன்றாம் பருவம் முடிந்தபோது உரிய நேரத்தில் ஸ்பான்சர் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் போட்டார்கள், அது எடுபடவில்லை. 1963 ஜனவரியில் ட்வைலைட் ஸோனைத் திரும்ப அழைத்தபோது நிரப்ப வேண்டியது ஒரு மணி நேர இடம். ஆக நான்காம் பருவத்தின் 18 எபிசோடும் இரட்டை நீளம். அதே எழுத்தாளர்கள்தான் எழுதினார்கள். ஆனாலும் பெரும்பாலானவை இழுக்கின்றன. காரணம் எளிது: இந்தக் கதைகளில் விதி ஒன்றே ஒன்றுதான் மாறும். 'எல்லாரும் மறைந்துவிட்டார்கள்', 'இவன் நினைத்தது நடக்கும்' என்கிற மாதிரி. விதி புரிந்த பிறகு பார்வையாளர் முடிவுக்குக் காத்திருக்கிறார். 12 நிமிடம் காத்திருப்பது பதற்றம். 35 நிமிடம் காத்திருந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். நீளத்தை நிரப்ப இரண்டாவது விதியைச் சேர்த்தால் முதலாவது பலவீனமாகும். கிளைக்கதை சேர்த்தால், அந்தக் கிளைப் பாத்திரத்துக்கும் ஒரு முடிவு கொடுத்தாக வேண்டும். ஐந்தாம் பருவத்தில் மறுபடி அரைமணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

இனி நீங்கள் குறை சொன்ன திருப்பத்துக்கு வருகிறேன். முடிவு தெரிந்துவிடுகிறது என்பது உண்மை. சில எபிசோடுகள் முடிவைத் தெரிய வைப்பதையே வேலையாக வைத்திருக்கின்றன. 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். படிப்புப் பைத்தியம் பிடித்த ஒரு வங்கி ஊழியர், பெட்டக அறைக்குள் இருந்ததால் அணுகுண்டுக்குத் தப்பி, இடிந்த நூலகத்தின் புத்தகங்களை மாதவாரியாக அடுக்கி வைக்கிறார். கண்ணாடி விழுந்து உடைகிறது. தடித்த கண்ணாடியை முதல் காட்சியிலிருந்தே உங்கள் கண்முன் வைத்திருக்கிறார்கள். அடுக்கும் காட்சியைத் தேவைக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஊகித்துவிட்டுத் துடிப்பதற்கான நேரம் அது. 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'டில் ஒரு தெருவில் மின்சாரம் போகிறது, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக் கொலை வரை போகிறார்கள். கடைசியில் வேற்றுக்கிரகவாசிகள் தெரிவது வெறும் சட்டகம். கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தக் கடைசி நிமிடத்தை வெட்டிவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. சுத்தமாகத் திருப்பத்தை மட்டும் நம்பி நிற்பது 'டு செர்வ் மேன்'. வேற்றுக்கிரகத்தாரின் புத்தகத் தலைப்பு மனிதருக்குச் சேவை செய்வது என்று படிக்கப்படுகிறது, கடைசியில் அது சமையல் புத்தகம். 'serve' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் நடக்கிற வித்தை இது. தமிழில் சேவை வேறு, பரிமாறுவது வேறு. மொழிபெயர்த்தாலே கதை அவிழ்ந்துவிடும். வேற்றுக்கிரக மொழியிலும் அதே சிலேடை எப்படி இருந்தது என்றும் யாரும் கேட்கக்கூடாது. உலகம் அதிகம் கேலிக்கு எடுத்துக்கொண்டதும் இதைத்தான். தொடரின் சிறந்த கதை இது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

திருப்பத்தை உழைத்துச் சம்பாதித்த எபிசோடு எது என்றால் 1960 நவம்பரில் வந்த 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்'. முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு பெண், சுற்றி மருத்துவர்களும் செவிலியர்களும். கட்டு அவிழும் வரை யார் முகமும் பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸும் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் க்ளெமென்ஸும் அதை நிழலாலும், முதுகுப்பக்கக் கோணங்களாலும், சரியான நொடியில் நகரும் கேமராவாலும், திரைச்சீலையாலும் சமாளித்தார்கள். அதை மறைப்பு என்று நீங்கள் உணராமல், மருத்துவமனையின் இறுக்கம் என்று உணர வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். முகமூடிகளைச் செய்தவர் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் ஒப்பனைத் தலைவர் வில்லியம் டட்டில். முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தால்தான் ஒவ்வொரு ஷாட்டின் கணக்கும் பிடிபடும்.

பணம் குறைவு என்பதும் இந்தத் தோற்றத்துக்கு ஒரு காரணம். வாராவாரம் புதுக்கதை என்றால் வாராவாரம் புது செட். ஒரு நாள் ஒத்திகை, மூன்று நாள் படப்பிடிப்பு என்பதுதான் வழக்கமான அளவு. எம்ஜிஎம்மில் எடுத்ததால் அங்கே நின்றிருந்த தெருக்களும், 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்தின் பறக்கும் தட்டும் உடுப்புகளும் திரும்பத் திரும்ப உதவின. இரண்டாம் பருவத்தில் எபிசோடுக்குச் சுமார் 65,000 டாலர் ஆனது. மிச்சம் பிடிக்க 6 எபிசோடுகளை ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். ஒன்றுக்குச் சுமார் 5,000 டாலர் மிஞ்சியது. ஆனால் வெளிப்புறக் காட்சி எடுக்க முடியவில்லை, வெட்டி ஒட்டுவது கஷ்டம், ஒளி தட்டையாகிப் படம் நாடக மேடை மாதிரி ஆனது. அந்த 6-உடன் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் பருவத்தில் இன்னொரு சிக்கனம்: ராபேர் ஆன்ரிக்கோ இயக்கிய 'ஆன் அக்கரன்ஸ் அட் அவுல் க்ரீக் பிரிட்ஜ்' என்ற பிரெஞ்சுக் குறும்படத்தை விலைக்கு வாங்கி ஒளிபரப்பினார்கள். அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது.

ஃபிலிமில் எடுத்ததுதான் தொடரின் ஆயுளைத் தீர்மானித்தது என்பேன். ஒப்பீட்டுக்குப் பிரிட்டனைப் பாருங்கள். 1962-இல் அங்கே வந்த 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' 13 எபிசோடு. இன்று கையில் இருப்பது ஒன்று. பிபிசி 1965 முதல் 1971 வரை எடுத்த 'அவுட் ஆஃப் தி அன்னோன்' 49-இல் முழுதாக இருப்பது 20. டேப் விலை உயர்ந்த பொருள், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். ட்வைலைட் ஸோனின் நெகடிவ் 35 மில்லிமீட்டரில் பத்திரமாக இருந்ததால், அரை நூற்றாண்டு கழித்து ப்ளூ-ரேவுக்குக் கூர்மையாக மாற்ற முடிந்தது. மறுஒளிபரப்புக்கு ஒரு தொடரில் சுமார் 100 எபிசோடாவது வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு, இங்கே 156. தொடர்ச்சி கிடையாது, எந்த வரிசையிலும் போடலாம். இரவில் உள்ளூர் நிலையங்கள் ஓட்டி ஓட்டித்தான் இரண்டு தலைமுறை அமெரிக்கர்களுக்கு இது மனப்பாடம் ஆனது. 1995 முதல் புத்தாண்டு தோறும் ஒரு கேபிள் சேனல் நாள் கணக்கில் ஓட்டியது. தொடர் நிறுத்தப்பட்டபின், போட்ட காசு திரும்பாது என்று நினைத்து செர்லிங் தன் பங்கைச் சிபிஎஸ்ஸிடமே விற்றுவிட்டார். கொட்டிய வருமானம் அவர் கைக்கு வரவில்லை. 1975-இல், 50 வயதில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார்.

இனி எது யாருக்குப் போனது என்ற கணக்கு. இங்கே நிறையப் பேர் அளக்கிறார்கள். உறுதி என்று சொல்ல மூன்று வழிதான்: எடுத்தவரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், மூலக்கதை உரிமை வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஆட்கள் இங்கிருந்து அங்கே போயிருக்க வேண்டும். இந்த அளவுகோலில் நிற்பவை: 'பிளாக் மிரர்' படைத்த சார்லி ப்ரூக்கர் இதைத் தன் முன்மாதிரி என்று சொல்லியிருக்கிறார். திரைப்பட இயக்குநர் ஜோர்டான் பீல் தன் 'அஸ்' படத்துக்கு 1960-இல் வந்த 'மிரர் இமேஜ்' எபிசோடுதான் தூண்டுதல் என்றார். மேத்திசனின் 'ஸ்டீல்' கதை இங்கே 1963-இல் எபிசோடாகி, 2011-இல் 'ரியல் ஸ்டீல்' படத்துக்கும் அடிப்படையானது. விமான இறக்கையில் பூதம் தெரிகிற 'நைட்மேர் அட் 20,000 ஃபீட்' எபிசோடை இயக்கிய ரிச்சர்ட் டானர்தான் பின்னால் 'சூப்பர்மேன்' எடுத்தார். அந்த எபிசோடில் நடித்த வில்லியம் ஷாட்னர் 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் ஆனார். சந்தேகத்துக்குரியவை: கொலைகாரப் பொம்மைப் படம் எல்லாம் 'லிவிங் டால்' எபிசோடிலிருந்து வந்தது, சுவருக்குள் மறையும் குழந்தைக் கதையிலிருந்துதான் 'போல்டர்கீஸ்ட்' படம் வந்தது என்பவை. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பேசும் பொம்மையும் காணாமல் போன குழந்தையும் செர்லிங்குக்கு முன்பே உலகத்தில் உண்டு. தாய்வழியில் தமிழரான எம். நைட் ஷியாமளன் படங்களைப் பார்க்கிறவர்கள் செர்லிங் பெயரை உடனே இழுக்கிறார்கள். கடைசி நிமிடத் திருப்பம் ஒன்றை மட்டும் வைத்து வம்சாவளி எழுதுவது சரியல்ல.

பெயரை வைத்து வந்த மறுபிறவிகள் கலவையானவை. 1983 திரைப்படத்தை நினைத்தால் கதையைவிட விபத்துதான் முன்னால் நிற்கிறது: 1982 ஜூலை 23 அன்று இரவுப் படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மோரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஹாலிவுட்டில் படப்பிடிப்புப் பாதுகாப்பு நடைமுறைகள் இறுகியது அதற்குப் பிறகுதான். 1985 தொடர் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று கதைகளைக் கதைக்கேற்ற நீளத்தில் வைத்தது; அளவு விஷயத்தில் புத்திசாலித்தனமான தீர்வு அதுதான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொலைக்காட்சி எழுத்து பழகியது அங்கே. ஆலோசகராக இருந்த எழுத்தாளர் ஹார்லன் எலிசன், இன வெறுப்பைத் தொட்ட ஒரு கதையைச் சேனல் தடுத்ததால் வெளியேறினார். 1956-இல் செர்லிங் பட்ட அதே அடி. 2002-இல் ஒரு பருவம், 2019-இல் ஜோர்டான் பீல் தொகுத்து வழங்கிய இரண்டு பருவம். கடைசியில் சொன்னது, ஸ்ட்ரீமிங் தளத்தில் நேரக்கட்டுப்பாடு இல்லை என்ற சுதந்திரத்திலேயே பல இடங்களில் தடுமாறியது. பாத்திரங்கள் வாயாலேயே கருத்தைச் சொல்லிவிடுகிறார்கள், பிறகு தொகுப்பாளரும் வந்து அதையே சொல்கிறார். 'பிளாக் மிரர்' கட்டியக்காரனை அடியோடு விட்டுவிட்டது. அதன் விலையை நீளத்தில் கொடுக்கிறது: 'ஹேட்டட் இன் தி நேஷன்' 89 நிமிடம்.

எதைப் பார்ப்பது என்பதற்கு என் சிபாரிசு. முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள், நான்காம் பருவத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்', அடுத்து 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்', அதன்பின் ஏறக்குறைய வசனமே இல்லாத 'தி இன்வேடர்ஸ்', குழந்தைக்குப் பயந்து ஊரே சிரித்துக்கொண்டிருக்கும் 'இட்ஸ் எ குட் லைஃப்', பிறந்த ஊருக்கு நடந்தே கடந்த காலத்துக்குள் போகும் 'வாக்கிங் டிஸ்டன்ஸ்'. கடைசியில் சொன்னதில் திருப்பமே கிடையாது. செர்லிங் எழுதியதில் அதை முதலிடத்தில் வைப்பேன். இந்த ஐந்தும் பிடிக்கவில்லை என்றால் தொடரை விட்டுவிடலாம், குற்றமில்லை. நகைச்சுவை எபிசோடுகளைத் தவிருங்கள். அது அவருக்குக் கைவரவில்லை.

பார்ப்பதற்கு முன் மூன்று விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் நேரம் 25 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். 21, 22 என்று காட்டினால் கூடுதல் விளம்பரத்துக்காக வெட்டிய பிரதி. அமைதியாக நகரும் காட்சிகளில்தான் முதலில் கத்தரி விழுந்திருக்கும், அவைதான் முடிவைத் தாங்குகிறவை. வண்ணம் ஏற்றிய பிரதியை ஒதுக்கிவிடுங்கள், க்ளெமென்ஸின் நிழல் அதில் சாம்பலாகிவிடும். இரண்டாம் பருவத்தில் திடீரென்று ஒரு எபிசோடு மங்கலாக, நாடகப் பதிவு போல இருந்தால் பிரதியில் கோளாறு என்று வேறு தேடி அலைய வேண்டாம். அந்த 6 டேப் எபிசோடுகளில் ஒன்றாக இருக்கும், உலகில் உள்ளதே அவ்வளவுதான். 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' மட்டும் தேடும்போது சின்னப் படங்களைக் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள். 22 நிமிடம் பாடுபட்டு மறைத்த முகத்தைத்தான் எல்லாத் தளமும் அட்டைப்படமாகப் போட்டு வைத்திருக்கிறது.